செல்லாக் காசு வாசிக்கிற வேல

...நாலு வருசம் நாநா, நாலு வருசம் கெம்பஸ்ல வெச்சிப் படிப்பிச்சன். என்ன படிச்சாள் எண்டு கேளுங்களேன். கேக்க மாட்டீங்க, நானே சொல்றன். லத்தீன். கிரேக்கம். என்ட மவள், இந்தக் கற்பிட்டி கருவாட்டுக் கடைக்காரன்ட மவள் றஹ்மா, லத்தீனும் கிரேக்கமும் படிச்சிட்டு வந்து நிக்கிறாள். சிரிக்காதீங்க, எனக்கு வயிறு எரியிது.

கதிரையில இரிங்க. கட்டாக் கருவாடு தானே பாக்கிறீங்க, நல்ல சாமான், கட்டி வெக்கிறன்.

லத்தீன் எந்த நாட்டுல புள்ள கதைக்கிற எண்டு கேட்டன். ஒரு நாட்டுலயும் இல்ல வாப்பா எண்டாள். கொஞ்சமும் கூச்சம் இல்லாமச் சொல்றாள். தலவில சர்ச் திருவிழாவுக்கு வந்த ஒரு ஃபாதர் இங்க நெத்தலி வாங்க வந்தார். ஃபாதர், ஒங்களுக்காவது இந்த லத்தீன் தேவப்படுதா எண்டு கேட்டன். நாங்களே இப்ப தமிழ்லயும் சிங்களத்துலயும் தானே பூசை வெக்கிறம் எண்டுட்டார். பாருங்க, சாமான் வித்தவனே கடையச் சாத்திட்டுப் போயிட்டான். என்ட மவள் பூட்டின கதவுக்கு முன்னால பையோட நிக்கிறாள்.

எதிர்க்கடை சுஹைர்ட மவள் கணக்குப் படிச்சாள். சண்ட முடிஞ்ச பொறகு இந்தக் கரையெல்லாம் ஹோட்டல் வந்திச்சா இல்லையா? வெள்ளக்காரன் பட்டத்தப் பிடிச்சிக்கொண்டு கடல்ல பறக்கிறான், அவன்ட பில்ல அந்தப் புள்ள போடுது. ஏசி ரூம். சுஹைர் இப்ப கைய வீசித்தான் நடக்கிறான்.

இல்ல வாப்பா, இதப் படிச்சா எத்தினையோ வேலைக்குப் போகலாம் எண்டு விரல மடக்கி மடக்கிக் காட்டினாள். சட்டத்துக்குப் போகலாமாம். பேப்பர்ல எழுதலாமாம். வெளிநாட்டுல தூதுவராக் கூட இரிக்கலாமாம். அப்ப போ எண்டன். அதுக்கு இன்னும் கொஞ்சம் படிக்கணுமாம். வலையப் பின்னிக்கொண்டே இரிந்தா எப்ப நாநா கடலுக்குப் போற?

கடைசியா ஒரு வேல வந்திரிக்கு. கொழும்புல ஒரு மியூசியம். மண்ணுக்குள்ள கிடந்த ரோமாபுரிக் காச எடுத்து, அதுல என்ன எழுதியிரிக்கு எண்டு வாசிக்கிறதாம். நான் செல்லுற காசுக்கு விடிய எழும்பி உப்புல கை வேக நிக்கிறன். இவள் செல்லாக் காச வாசிக்கப் போறாள். அதுக்கு மேசை, கதிரை, லைட்டு, மாசச் சம்பளம். குடுக்கிறவனச் சொல்லணும்.

ஆனா நான் விடல்ல. ஒரு பேச்சுப் பேசினன். நோன்பு பொறக்க முந்தி நல்ல எடம் அமஞ்சாக் கலியாணம். அமையாட்டி நீ கொழும்புக்குப் போ, நான் வாயத் தொறக்க மாட்டன். அவள்ட உம்மா மைமூனாக்கு முன்னால குடுத்த வாக்கு. இந்தச் சாஹுல் ஹமீது கருவாட்டுல மணலக் கலந்தாலும் கலப்பான், வாக்குல... இல்ல இல்ல, ஒங்கட பார்சல்ல மணல் இல்ல நாநா, ஒரு கதைக்குச் சொன்னன்.

சரி வாப்பா எண்டாள். ஒரு முணுமுணுப்பு இல்ல.

பொறகு என்ன நடக்குது? சிலாபத்துல இருந்து ஒரு எடம். வாறம் எண்டாங்க, வரல்ல. புத்தளத்துல இருந்து ஒண்டு. வட்டிலப்பம் அவிச்சி வெச்சிக்கொண்டு வாசலப் பாத்தது தான் மிச்சம். அவ்வளவையும் நானே திண்டு சீனி வருத்தம் கூடிப் போச்சு. எவனோ எங்களப் பத்திக் கெட்ட கதை சொல்லி, வழியிலயே திருப்பி அனுப்புறான். சுஹைராத்தான் இரிக்கும். பொறாம புடிச்சவன்.

இண்டைக்கு மதுரங்குளி ஆக்கள் வாறாங்க. மாப்பிள்ளைக்கு டைல்ஸ் கடை. இதுதான் கடைசி எடம், நாளைக்கு நோன்புப் பிறை பாக்கிற. அஸர் தொழுகைக்குப் பொறகு ஊட்டுக்கு வருவாங்க. நான் போய்க் குளிச்சி, இந்த நாத்தத்தக் கழுவி, வெள்ளச் சட்டையப் போட்டுக்கொண்டு, மவள் தங்கம் எண்டு நாலு வார்த்த சொல்லணும். அவங்களுக்கு முன்னால இந்த லத்தீன் கதையெல்லாம் எடுக்க ஏலுமா? அதெல்லாம் ஒங்களப் போல வாற போற ஆக்களோட தான்.

என்ன நாநா, எழும்பிட்டீங்க? கருவாடு கட்டிட்டனே.

எங்க? மதுரங்குளியா ஒங்களுக்கு?

டைல்ஸ் கடை மாப்பிள்ளைட மாமாவா...

அத வந்த ஒடன சொல்லியிருக்கலாமே. ஓம், நான் சொல்ல விடல்ல தான். இரிங்க, ஒரு பிளேன்டீ குடிப்பம். நான் சொன்னதெல்லாம் பகிடிக்கு. படிச்ச புள்ள நாநா, கெம்பஸ்ல மொதலாவதா வந்தவள்.

ஊட்டுக்குத் தானே வாறதா இரிந்த? ஊட்டுக்கு வழி கேக்க போன் எடுத்தீங்களா? ஆரு கதைச்ச? றஹ்மாவா?

"மொதல்ல கடைக்குப் போங்க, வாப்பாவோட கொஞ்சம் கதைச்சிட்டு வாங்க" எண்டாளா.

அப்ப அந்தச் சிலாபத்து ஆக்கள் வாறம் எண்ட அண்டைக்கு... சுறா கேட்டு வந்து ஒண்டும் வாங்காமப் போன மனிசன்... அடுத்த கிழம, புத்தளத்து எடம் வரல்ல எண்ட அண்டைக்கும், ஒருத்தர் இங்க குந்திக்கொண்டு லுஹர் பாங்கு வரைக்கும் இந்த லத்தீன் கதையக் கேட்டுக்கொண்டு...

நாநா. நாநா, நில்லுங்க.

போயிட்டார்.

...ஹலோ, மைமூனா. ஓம், வந்தாங்க. இங்கயே வந்திட்டுப் போயிட்டாங்க. அத ஊட்டுக்கு வந்து சொல்றன். மவள் என்ன செய்றாள்?

சூட்கேஸ் அடுக்கிட்டாளா? எப்ப?

...காலையிலயா.