ஒடெட் மொகமும் என் மொகமும்

எழுபதா? பரவால்லம்மா, அதுக்கு எதுக்கு நாக்கக் கடிச்சுக்கிறே? எனக்கு என்ன வயசிருக்கும், சொல்லு சொல்லுன்னு நான்தானே உன் வாயக் கிண்டினேன். போன மாசம் ஒருத்தி எழுபத்தஞ்சுன்னா. அவளுக்கு நீ எவ்வளவோ தேவல. அறுபத்தொண்ணு எனக்கு. நெசமாத்தான். வேணும்னா லைசென்ஸ எடுத்துக் காட்டுறேன். அதுல இன்னும் மோசமா இருப்பேன்.

உனக்கு? முப்பத்தாறா! அடிப்பாவி, காலேஜ் புள்ளன்னுல்ல நெனச்சேன். மொகத்துக்கு என்ன போடுறே? சும்மா சொல்லு, நான் யாருகிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல. ஒண்ணுமே இல்லையா? ம்... எங்க ஒடெட்டும் இதேதான் சொல்லுவா. ஒண்ணுமில்ல அனெட், வெறும் கெணத்துத் தண்ணிதான்னு. அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் நானும் அறுபது வருஷமா மொகத்துல அடிச்சுக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் வேல செய்யல?

ஒடெட் என் தங்கச்சி. இரு, போன்ல காட்டுறேன். இந்தா. நீலத் தொப்பி போட்டிருக்கா பாரு, அவதான். பக்கத்துல காஞ்சுபோன ஆப்பிள் மாதிரி நிக்கிறது நான். எங்களுக்குள்ள எத்தன வயசு வித்தியாசம்னு நெனக்கிறே? பயப்படாம சொல்லு. இருபதா? பதினோரு நிமிஷம்மா. பதினோரு நிமிஷம். ரெட்டப் புள்ளைங்க நாங்க. அதுவும் ஒரே அச்சு. சின்ன வயசுல எங்கம்மாவே எங்கள மாத்தி மாத்தித்தான் கூப்புடும். ஞானஸ்நானம் குடுக்க வந்த பாதிரியாரு என் தலையிலயே ரெண்டு தடவ தண்ணி ஊத்திட்டாராம். அப்படி இருந்தவங்க.

எப்படி இப்படி ஆச்சுன்னா கேக்குறே? இந்த பஸ்ஸு பாஸ்டன் போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, சொல்றேன்.

எங்க ஊரு வெர்மான்ட்ல, கனடா எல்லைய ஒட்டி. அப்பாவுக்கு நாப்பது பால்மாடு. எங்களுக்குப் பதினேழு வயசு இருக்கும்போது அவருக்கு நெஞ்சுல அடைப்பு வந்துருச்சு. ரெண்டு பொண்ணுல ஒருத்தி பண்ணையப் பாக்கணும், ஒருத்தி படிக்கப் போகலாம்னு முடிவு பண்ணாங்க. யாரு பண்ணைக்குன்னு அஞ்சு நிமிஷம்கூட பேசல. அனெட் மூத்தவ, அனெட்டுக்குத்தான் பொறுப்பு ஜாஸ்தின்னுட்டாங்க. பதினோரு நிமிஷம் முந்தி வந்ததுக்குக் கெடச்ச பரிசு. அவ காலேஜுக்குப் போனா. அப்புறம் டவுன் லைப்ரரில வேல. முப்பத்தெட்டு வருஷம், வெயிலும் படாம பனியும் படாம, புஸ்தகத்துக்கு நடுவுல. ஒம்பது மணிக்குத் தூக்கம். சிகரெட் கெடையாது. கடுதாசி எடுக்க வாசல் வரைக்கும் போனாக்கூட தொப்பி.

நான் டிராக்டர் மேல. மேல கூரை இல்லாத பழைய டிராக்டரு அது. ஜூன்ல புல்லு அறுக்குறது, ஆகஸ்ட்ல புல்லு அறுக்குறது. பிப்ரவரில கொட்டாய்க்குப் போறப்போ காத்து மொகத்துல கத்தி மாதிரி கீறும். மார்ச்ல மேப்பிள் மரத்துச் சாறப் பாகு காய்ச்சுற ஆவி. குளிருக்கு ஒரு சிகரெட்டு, அலுப்புக்கு ஒரு சிகரெட்டு. நாப்பது வயசுலயே என் மொகம் பாளம் பாளமா ஆயிருச்சு.

சும்மா இருந்தேன்னு நெனக்காத. எவ எது சொன்னாலும் செஞ்சு பாத்தேன். ஓட்ஸ அரைச்சு மோருல கொழைச்சு அப்பிக்கிட்டு நின்னேன், அந்நேரம் பாத்து பாலு ஏத்துற லாரிக்காரன் வந்துட்டான். பாவம், ஏதோ வலிப்பு வந்து நுரை தள்ளிருச்சுன்னு நெனச்சு கத்திட்டான். வெள்ளரிக்காய வட்டமா நறுக்கி கண்ணு மேல வச்சுக்கிட்டு படுத்தேன். எங்க வீட்டுக்காரரு லயனல் வந்து அதுல ஒண்ண எடுத்துக் கடக்கு மொடக்குன்னு தின்னுட்டுப் போயிட்டாரு. தேனு, தயிரு, ரோஜா எதழ ஊறவச்ச தண்ணி, எல்லாம் பாத்தாச்சு. ஒரு தடவ எலுமிச்சச் சாறத் தடவிக்கிட்டு வெயில்ல எறங்கிட்டேன். கொப்புளம் கொப்புளமா பொங்கிருச்சு. இந்தா பாரு, தாடைக்குக் கீழ இந்தக் கரும்பட்ட. அதான் இது. நீயும் செஞ்சுடாத. எலுமிச்சையும் வெயிலும் சேரவே கூடாது.

ஞாயித்துக்கெழம ஒடெட் சாப்பாட்டுக்கு வருவா. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கல அவ. எதிர்ல உக்காந்து பட்டாணி சூப்பக் குடிச்சுக்கிட்டிருப்பா. ஒரு நாள் லயனல் அவளையே பாத்துக்கிட்டிருந்துட்டு, என் பக்கம் திரும்பி மெதுவா சொல்றாரு: நீயும் இப்படித்தான் இருந்திருப்பே, இல்ல?

நல்ல மனுஷன். தப்பா ஒண்ணும் சொல்லல. பாவமே, என் பொண்டாட்டிய வேல கொன்னுருச்சேங்குற வருத்தத்துலதான் சொன்னாரு. ஆனா அன்னிக்கு சூப்ப அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். இருந்திருப்பேன்னா என்ன அர்த்தம்? எம் மொகம் எனக்கு வராம, அவகிட்டப் போயிருச்சுன்னுதானே அர்த்தம்? அதுக்கப்புறம் ஒடெட்டப் பாக்குறப்பல்லாம் எனக்கு அப்படித்தான் தோணும். எம் பொருள அவ எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்திருக்கான்னு.

லயனல் போயி ஆறு வருஷமாச்சு. மாட்டயெல்லாம் வித்துட்டேன். கை வெடிப்புக்குன்னு நானே ஒரு களிம்பு பண்ணுவேன். காலெண்டுலான்னு சாமந்தி மாதிரி ஒரு ஆரஞ்சுப் பூ, அதக் காயவச்சு சூரியகாந்தி எண்ணெயில ஆறு வாரம் ஊறப்போட்டு, வடிகட்டி, தேன்மெழுகோட சேத்து உருக்கணும். அவ்வளவுதான். ஆனா நல்ல களிம்பும்மா. பக்கத்துப் பண்ணைக்காரங்கல்லாம் வாங்குவாங்க. சனிக்கெழம சந்தையில ஒரு மேச போட்டேன். வர்றவங்க டப்பாவ எடுப்பாங்க, என் மொகத்தப் பாப்பாங்க, டப்பாவ வச்சுட்டுப் போயிருவாங்க. அவங்களக் குத்தம் சொல்ல முடியுமா? நானா இருந்தாலும் வாங்க மாட்டேன்.

லைப்ரரி வேல முடிஞ்சதும் ஒடெட், நானும் சும்மாத்தானே இருக்கேன், வந்து கூட நிக்கிறேன்னா. மொத சனிக்கெழம, பதினோரு மணிக்கெல்லாம் மேச காலி. அவ ஒரு வார்த்த பொய் சொல்லலம்மா. என்ன போடுறீங்கன்னு கேட்டா, நான் ஒண்ணும் போடுறதில்லங்க, எங்க அக்கா களிம்பு கைக்கு ரொம்ப நல்லாருக்கும்பா. அவங்க காதுல அதெல்லாம் விழுந்தாத்தானே? மொகத்தப் பாத்தாங்க, வாங்குனாங்க. சந்தை நடத்துறவ வந்து, ஒடெட் படத்த மூடியில போட்டா இன்னும் நல்லாப் போகுமேன்னா. போட்டோம். நான் பூப் பறிச்சு, நான் ஊறவச்சு, நான் உருக்குறது. மூடிய மூடுனா அவ மொகம்.

போன ஏப்ரல்ல ஒருத்தி வந்தா, ஒரு குட்டி நாயக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு. மூணு டப்பா வாங்கினா. போறப்போ எங்கையப் புடிச்சுக்கிட்டு, ரொம்பக் குடுத்துவச்சவங்க நீங்க, உங்க கண்ணு அப்படியே உங்க பொண்ணுக்கு வந்துருக்குன்னு சொன்னா.

பொண்ணுக்கு.

ஒடெட் சிரிச்சுட்டா. கேலிச் சிரிப்பு இல்ல. இவ என்ன இப்படிச் சொல்றாளேன்னு வாய்விட்டுச் சிரிச்சா. எந்தோள்ல சாஞ்சுக்கிட்டு, வாங்கம்மா வீட்டுக்குப் போலாம்னா. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றே சந்தையில? வண்டி ஓட்டிக்கிட்டு வர்ற வழியெல்லாம் அவ அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நானும் கூடச் சிரிச்சேன்.

மறுநாள் அவகிட்ட சொன்னேன்: எனக்கு மூட்டு வலி, இனிமே களிம்ப நீயே உன் வீட்டுல பண்ணிக்க, எப்படின்னு எழுதித் தர்றேன்னு. அவளுக்கு ஒரே சந்தோஷம். அதுவரைக்கும் களிம்பு காய்ச்சுறப்போ அவள அடுப்படிப் பக்கமே நான் விட்டதில்ல. அவளுக்கு முட்ட அவிக்கத் தெரிஞ்சாலே பெரிசு. ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன். எண்ணெய், மெழுகு, பாத்திரத்தயும் நானே குடுத்தேன்.

மூணு வாரம் முன்னாடி, அவ மொத தடவயா உருக்குன அன்னிக்கு, காலையில பத்து பத்தரை இருக்கும், அவ பக்கத்து வீட்டு மர்சேல் போன் பண்றான். ஒடெட் வீட்டு அடுப்பங்கரையில எண்ணெயும் மெழுகும் புடிச்சு எரிஞ்சிருச்சு, அவ அந்தப் பாத்திரத்தக் கையில தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடியிருக்கா, மேல கொட்டிருச்சுன்னான். நான் கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? உசுரு இருக்கான்னு கேக்கல. மொகம்? அப்படின்னு கேட்டேன்.

அவன், இல்ல இல்ல, ஆண்டவன் புண்ணியத்துல மொகத்துல ஒரு பொட்டுகூட படல, கையி ரெண்டும், மாரு, வயிறு, தொடைன்னான். அதக் கேட்டதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுன்னு சொல்லணும்னு ஆசதான். உங்கிட்ட எதுக்கு மறைக்கணும்? சே, இதுலயும் அவளுக்குத்தான் அதிர்ஷ்டமான்னு தோணிச்சு. ஒரு நொடிதான். தோணிச்சு. அப்புறம்தான் வண்டிச் சாவியத் தேடினேன்.

ஆமா, அங்கதான் போறேன். பாஸ்டன்ல பெரிய ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. பாத்துட்டு வர்றதுக்கு இல்லம்மா. சேர்றதுக்கு. நாளைக்குக் காலையில எனக்கும் ஆபரேஷன். அவளுக்கு ஒட்டுறதுக்கு அவ தோலு பத்தல. வேத்தாளு தோலு வச்சா கொஞ்ச நாள்ல ஒடம்பு தள்ளிரும்னாங்க. ஒரே அச்சுல பொறந்த ரெட்டையா இருந்தா மட்டும், வேறாளு தோலுன்னே ஒடம்புக்குத் தெரியாதாம். ரத்தம் எடுத்துச் சோதன பண்ணிட்டாங்க. நான்தான்.

அந்த டாக்டரம்மா என்னைக் குப்புறப் படுக்கவச்சுப் பாத்தாங்க. முதுகு, இடுப்பு, தொடைக்குப் பின்னாடி. வெயிலே படாத எடமெல்லாம். கையால தடவிப் பாத்துட்டு, அருமையான தோலுங்க உங்களுக்கு, எவ்வளவு சுத்தமா, எவ்வளவு இளசா இருக்குன்னாங்க. அறுபத்தொரு வருஷத்துல என்னைப் பாத்து அப்படிச் சொன்ன மொத ஆளு அவங்கதான். தலகாணியில மொகத்தப் பொதச்சுக்கிட்டு அழுதேன். வலிக்குதான்னு பதறிட்டாங்க. ஊருக்கு வந்து கண்ணாடி முன்னாடி திரும்பி நின்னு பாத்தேன். நெசம்தான்மா. அப்படியே ஒடெட்டோடது. இத்தன வருஷமா எங்கிட்டயேதான் இருந்திருக்கு, துணிக்குள்ள.

காயம் சீக்கிரம் ஆறணுமேன்னு மூணு வாரமா சிகரெட்டத் தொடல. முட்ட, பாலு, தண்ணி, ஒம்பது மணிக்குத் தூக்கம். அவ வாழ்ந்த மாதிரியே வாழ்றேன். இவ்வளவுதான் ரகசியம்னு தெரிஞ்சிருந்தா அந்த எலுமிச்சைய வெயில்ல தடவியிருப்பேனா?

அவளா? பேசுறா, நல்லாத்தான் பேசுறா. போன தடவ போனப்போ, கட்டெல்லாம் போட்டுப் படுத்திருக்கா, மொகம் மட்டும் அப்பவும் பளிச்சுன்னு. என்னைப் பாத்து, மன்னிச்சுக்க அனெட், நீ எழுதிக் குடுத்தத நான் சரியாப் படிக்கல போலிருக்கு, உன் நல்ல பாத்திரத்த வீணாக்கிட்டேன்னு சொல்றா.

சரியாத்தான் படிச்சிருக்கா. மெழுக நேரா அடுப்புல வைக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணிக்குள்ள பாத்திரத்த எறக்கி வச்சுத்தான் உருக்கணும். அந்த ஒரு வரிய நான் எழுதல. மறந்துட்டேனா? இல்லம்மா. எழுத வந்தேன், பேனாவ எடுத்துட்டேன். களிம்பு கருகிப் போகும், நாத்தம் அடிக்கும், வாங்குனவங்கல்லாம் அவ மொகத்துலயே திருப்பி எறியட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன். தீ எந் நெனப்புலயே இல்ல.

சொல்லத்தான் போறேன். சொல்லாம எப்படி? ஆனா இப்ப சொன்னா உன் தோலே வேணாம் போன்னுருவா, பிடிவாதக்காரி. அதனால மொதல்ல ஒட்டட்டும். ஒட்டி ஒரு மாசம் ஆயிருச்சுன்னா, அவளே நெனச்சாலும் அதத் திருப்பித் தர முடியாது. டாக்டரம்மாகிட்ட கேட்டு வச்சுக்கிட்டேன்.