ரோண்டாவுக்கு ஒரு பாடம்

கணக்காளர் உரிமம் தரும் சி.பி.ஏ. தேர்வுக்கு எந்தக் காணொளிப் பாடம் வாங்கலாம் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். அவர்களாகத் தேர்ந்தெடுத்தால் பாடம் நடத்துபவரின் சிரிப்பைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். தேர்வில் தோற்றதும் பாடத்தைத் திட்டுவார்கள். இப்படிப்பட்டவர்களிடம்தான் நாளை ஊர் தன் வரிக் கணக்கை ஒப்படைக்கப் போகிறது.

மேடம், நீங்கள் என் மனைவியின் வழக்கறிஞர். விவாகரத்து வழக்கின் வாக்குமூலம் என்பதால் நான் எதையாவது மறைப்பேன் என்று காத்திருக்கிறீர்கள். பேனாவைக் கடிப்பதை நிறுத்தினால் சீக்கிரம் முடித்துவிடலாம். வாயைத் திறக்க வேண்டாம் என்று என் வழக்கறிஞர் சொன்னார். அவரும் சிரிப்பைப் பார்த்து வாங்கும் ரகம்தான்.

ரோண்டா இங்கே துலூத்தில், ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் மகள் கெல்சி கல்யாணமாகி மினியாபொலிஸ் போனபின், பாதியில் விட்ட படிப்பை மாலைக் கல்லூரியில் முடித்தாள். ஐம்பத்திரண்டு வயதில் சி.பி.ஏ. எழுதப் போவதாக ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். கையில் டேப்லெட் இருந்தது.

"இந்த ஆளைப் பாரேன் ஆர்லன். தேய்மானத்தைச் சொல்லிக் குடுக்கறதுக்குத் தன் ஷூவையே கழட்டி மேசை மேல வைக்கிறான்."

"கோமாளி."

"இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் புரியுதே."

"புரியற மாதிரி இருக்கும். அதுதான் அவன் பிழைப்பு. நான் பாத்து நல்லதா வாங்கித் தர்றேன், விடு."

விட்டாள். நான் வாங்கியது வேறு பாடம். சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் ஒரு கிழவர் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் வாசிப்பார். வரிச் சட்டம் மாறுவதற்கு முன்பு எடுத்த காணொளிகள். பாதி விதிகள் இப்போது செல்லாது. தெரிந்தேதான் வாங்கினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறை தோற்பாள், அலுத்துப்போவாள், பனி உருகுவதற்குள் பழையபடி ஹாக்கி அரங்கத்தோடு நின்றுகொள்வாள் என்று நினைத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. தேவாலயத்தில் காப்பி குடிக்கும்போது அவள் எல்லோரிடமும், "பாஸ் பண்ணிட்டா ஆர்லன் ஆபீஸ்லயே சேந்துடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அலுவலகத்தில் தினமும் உட்கார வேண்டியவன் நான்.

தேர்வில் நான்கு பகுதிகள். முதலில் தணிக்கைப் பகுதி எழுதினாள். தோற்றாள். அதில் நான் எதுவும் செய்யவில்லை, அந்தக் கிழவரே பார்த்துக்கொண்டார். அதன்பிறகு முடிவுகளைப் பார்க்க அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"வந்தா நீயே பாரு. நீ சொன்னாப் போதும்."

கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டாள். அடுத்தது வரிப் பகுதி. மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய், அந்தக் கோமாளி இலவசமாக விட்டிருந்த துண்டுக் காணொளிகளைப் பார்த்து அவள் புதுச் சட்டம் படித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. முடிவு வந்த காலையில் அவள் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தாள். எண்பத்து நான்கு. எழுபத்தைந்து எடுத்தாலே தேர்ச்சி. என் காலத்தில் நான் எழுபத்தாறு. உரிமத்தில் மதிப்பெண் அச்சிடுவதில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

மண்வெட்டியோடு உள்ளே வந்தாள். "என்ன வந்திருக்கு?"

"அறுபத்தொண்ணு."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் அந்த எண் வந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"எல்லாம் தெரிஞ்ச கேள்விதான் ஆர்லன். சரியா எழுதினது நல்லா ஞாபகம் இருக்கு."

ரோண்டாவின் அம்மாவுக்கு அறுபது வயதாவதற்குள் நினைவு கலைந்துவிட்டது. பெற்ற மகளைத் தாதி என்று நினைத்தபடியே முதியோர் இல்லத்தில் இறந்துபோனாள். அதனால் மென்மையாகத்தான் சொன்னேன்.

"உங்கம்மாவும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க, ரோண்டா."

நான் செய்தது அவ்வளவுதான். மிச்சத்தை அவளே செய்துகொண்டாள். அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து பார்த்தாள். சொன்னதையே சொல்கிறோமோ என்று பேச்சைக் குறைத்தாள். அவள் கண்ணாடியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தது நான்தான், ஒரே ஒருமுறை. மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆரம்பத்தில் சோதனையில் தெரியாது என்று சொன்னதாக வரும் வழியில் காரில் அவளிடம் சொன்னேன். அவர் என்னைக் கூப்பிடவேயில்லை. படித்த பெண் ஒருத்தி மருத்துவரின் பேச்சை விட்டுவிட்டுக் காரோட்டுபவனின் பேச்சை நம்பினால் அது யார் குற்றம்?

அரங்க வேலையை விட்டாள். கார்ச் சாவியை அவளாகவே என் கையில் கொடுத்தாள். கெல்சி கைக்குழந்தையோடு வந்தபோது ரோண்டா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் கெல்சி, கீழ போட்டுருவேன்."

"ஒண்ணும் ஆகாதும்மா. உக்காந்துட்டு வாங்கிக்கோ."

"எடுத்துட்டுப் போன்னு சொல்றேன்ல."

கெல்சி காருக்குள் உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் என்னைத்தான் கேட்டாள், அம்மாவுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று.

இப்படி இரண்டு வருடம் போனது. சென்ற அக்டோபரில் நான் மதியமே வீட்டுக்கு வந்தபோது, ரோண்டா எனக்குத் தெரியாமல் தேர்வு வாரியத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். மூளையில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்க அதே வரிப் பகுதியை மறுபடி எழுத நினைத்தாளாம். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"அந்தப் பகுதிக்கு உங்களைத் திரும்பப் பதிவு பண்ண முடியாதே மேடம். பாஸ் பண்ணிட்டீங்களே," என்றது ஒரு பெண் குரல்.

"வேற யாரையோ பாக்கறீங்க போல. நான் ரோண்டா நைகார்ட்."

"அதேதான். எண்பத்தி நாலு. சூப்பர் மார்க்."

ரோண்டா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அப்போதும் என்னைத்தான் கேட்டாள், மேடம். நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"ஆர்லன், இப்ப அந்தப் பொண்ணு எண்பத்தி நாலுன்னு சொன்னாளா? இல்ல எனக்கு அப்படிக் கேட்டுச்சா?"

"உனக்கு அப்படிக் கேட்டிருக்கு," என்றேன்.

போனை அவள் துண்டிக்கவில்லை. கவனிக்காமல் விட்டது என் தவறு.

"இல்ல மேடம், நான் சொன்னேன்," என்றது அந்தக் குரல். "எண்பத்தி நாலுதான். உங்க பக்கத்துல இருக்கறது யாரு?"

ரோண்டா எழுந்தாள். என் கோட்டுப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். இரண்டு வருடமாக ஓட்டாதவள், நெடுஞ்சாலையின் ஐஸ் மழையில், மினியாபொலிஸ் வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். போனதும் குழந்தையைத் தூக்கினாளாம். கெல்சி எனக்கு எழுதிய கடைசி வரி அது.

ஆகவே பாடம், மதிப்பெண், கண்ணாடி, மருத்துவர் சொல்லாத சொல், எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். கொடுமை என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. அதற்கு முந்திய இருபத்தெட்டு வருடத்தில் ரோண்டா என்னை ஒன்றுமே கேட்டதில்லை. அந்த இரண்டு வருடமும் இன்றைக்குச் செவ்வாயா என்று கேட்டாள், கதவைப் பூட்டலாமா என்று கேட்டாள், தூங்குவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் இல்லை. வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள்.