கம்பம் வந்தாச்சு

எனக்கு உயரம் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அதனால்தான் ஐயா, கயிற்றில் நடப்பவர்கள் குழுவில் கோமாளியானேன். தாஷ்கண்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நோர்குல் என்று பெயர் சொன்னால் சோர்சு சந்தையில் சம்சா சுடுகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். என்ன, நான் வித்தை காட்டும்போது மட்டும் எல்லோரும் அண்ணாந்து ஹோல்மத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஹோல்மத் நல்லவன். நீளக் கோலைப் பிடித்துக்கொண்டு உயரத்தில் நேராக நடப்பான், அவ்வளவுதான். நேராக நடக்கிறவனுக்கு இந்த ஊரில் அப்படிக் கைதட்டுவார்கள். நான் கீழே குட்டிக்கரணம் போட்டு, கழுதை மாதிரிக் கத்தி, இந்த வயதில் இடுப்பை ஒடித்துக்கொண்டதுதான் மிச்சம். பொறாமையெல்லாம் கிடையாது. ஒரே ஒரு ஆசைதான். பெரிய சர்க்கஸ் அரங்கில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு தடவையாவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

போன வாரம் அந்தச் சர்க்கஸிலிருந்தே தில்பார் அம்மா எங்களைப் பார்க்க வந்தார். நான் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றேன்.

"கயித்துக்காரர் மட்டும் வந்தாப் போதும். கோமாளிங்க எங்ககிட்டயே நிறைய இருக்காங்க" என்றார்.

ஹோல்மத் என் முதுகில் தட்டினான். "விடுண்ணே. உனக்கு முன்வரிசையில டிக்கெட் வாங்கித் தர்றேன். ஜம்முனு உக்காந்து என்னைப் பாரு."

இத்தனை வருஷமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேனாம்?

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அவனுக்குக் கடைசி ஆட்டம். ஏறுவதற்கு முன் எப்போதும்போல என் எதிரில் கைகளை விரித்து நின்றான். நானும் அவனுக்காக துஆ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டேன். முறையை நான் ஒருநாளும் மீறியதில்லை.

முடிவில் தலையில் சாக்கை மாட்டிக்கொண்டு நடப்பான். ஒன்றும் தெரியாது. கயிறு முடிகிற இடத்தில் கம்பம். நான் கீழிருந்து சொன்னதும் கோலைப் போட்டுவிட்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடிப்பான். என் சொல்லைத் தவிர அவனுக்கு அங்கே வேறு கண் கிடையாது.

"அண்ணே, கம்பம் வந்துடுச்சா?"

"வந்தாச்சுடா தம்பி. கோலைப் போட்டுட்டுக் கட்டிக்கோ."

போட்டான். காற்றைக் கட்டிப்பிடித்தான்.

அவன் விழுந்தபோது கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். என் வேடிக்கைகளில் ஒன்று என்று நினைத்திருக்க வேண்டும். அவன் எழுந்திருக்கவில்லை என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த தில்பார் அம்மாவும் பார்த்தார்.

இப்போது அவன் மனைவி ஸுல்ஃபியா இந்தக் காவல் நிலையத்துக்கே உங்களிடம் வந்து, "பாவம், வயசானவரு, கண்ணு சரியாத் தெரியல, விட்டுடுங்க" என்று அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். நீங்களும் அதையே எழுதிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு கழுதை வண்டி தாராளமாகப் போகலாம். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அதை அடித்துவிட்டு இப்படியே எழுதுங்கள் ஐயா. கண் தெரியாத கிழவன் என்று தில்பார் அம்மா காதில் விழுந்தால், அப்புறம் யார் என்னைச் சர்க்கஸில் சேர்த்துக்கொள்வார்கள்?