கீழுதட்டில் ஏறிய குண்டூசி

என் முழுப்பெயரையும் வீட்டு எண்ணையும் காவல் நிலைய எழுத்தர் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். வகுப்பில் என்னை 'அகராதி' என்று கூப்பிடுவார்கள். என் அம்மா நடத்தும் தையல் கடையின் மேல்மாடியில் அம்மாவுடனும் சித்தியுடனும் வசிக்கிறேன். பல் மருத்துவர் மீது புகார் கொடுத்திருப்பவர் என் அம்மா. சிகிச்சையின்போது அவருடன் இருந்தது நான் மட்டுமே என்பதால், சித்தி உடனிருக்க, ஆய்வாளர் விசாரிக்க, இதைச் சொல்கிறேன்.

அம்மாவின் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று முன்பே எடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் எலும்பில் திருகு இறக்கி, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்தலாம் என்று கடைத்தெருவில் உள்ள மேற்படி மருத்துவர் சொன்னதால், சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இருவரும் போனோம். சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சிறிய எக்ஸ்ரே ஒன்று மட்டும் எடுத்தார்கள். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு தாடை எலும்புக்குள் ஓடுகிறது என்று பள்ளி நூலகத்தில் படித்திருந்ததால், "டாக்டர், நரம்பு எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "முதல்ல பத்தாவது பாஸ் பண்ணு பாப்பா. அப்புறம் எனக்குப் பாடம் எடுக்கலாம்" என்றார். உதவியாளர் சிரித்தார். அம்மா திறந்த வாயுடனேயே என்னை முறைத்தார்.

அதன் பிறகு மரப்பு ஊசி போட்டுத் துளையிட்டார்கள். துளை ஆழமாக இறங்கியபோது அம்மாவுக்கு ஒருமுறை உடம்பு தூக்கிப்போட்டது. "ஆடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு மருத்துவர் திருகை இறக்கினார். மாலைக்குள் மரப்பு போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். போகவில்லை. மறுநாள் காலை அம்மா குடித்த தண்ணீர் உதட்டோரம் வழிந்து கழுத்துக்கு வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. உடனே கிளம்பிப் போனோம்.

மருத்துவர் அம்மாவை உட்காரச் சொல்லவில்லை. கண்ணை மூடச் சொல்லி, தொடுவது தெரிகிறதா என்று உதட்டில் பஞ்சு வைத்துப் பார்க்கவும் இல்லை. வரவேற்பறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே, "என்னம்மா, சரியாயிடுச்சுல்ல?" என்றார். அம்மா, "சரியாயிடுச்சுங்க டாக்டர்" என்றார்.

இந்த இடத்தில் சித்தி என் தொடையைக் கிள்ளி, "ஏண்டி, அரிச்சந்திரனுக்குப் பேத்தியா நீ? அந்த ஒரு வார்த்தைய விட்டுத்தான் தொலையேன்" என்றார். அதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்.

அம்மா அப்படிச் சொன்னதாகத்தான் மருத்துவரும் பதில் கொடுத்திருக்கிறார் என்று அறிகிறேன். அம்மா எப்போதும் அப்படித்தான். காலை மிதித்தவரிடமே "பரவால்லைங்க" என்பார். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது எச்சில் முகவாய்க்கு வழிந்துகொண்டிருந்தது. மருத்துவர் மேசையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை உருவி நீட்டினார். அது எதற்கு என்று அம்மாவுக்குப் புரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார். மருத்துவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு அம்மா வழக்கம்போல் தினமும் கடையைத் திறந்து வேலை பார்த்தார். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு துணியைப் பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு வாரம் கழித்து, ஒரு பெண்ணின் வெள்ளைச் சட்டைக்குத் தோள் பிடித்துக்கொண்டிருந்தபோது அதன்மேல் ரத்தம் சொட்டியது. "அக்கா, ரத்தம்!" என்று அந்தப் பெண் அலற, அம்மா, "ஐயையோ, ஊசி குத்திட்டேனாம்மா?" என்று அவள் தோளைத் தடவிப் பார்த்தார். ஊசி ஏறியிருந்தது அம்மாவின் கீழுதட்டில்.

அதன் பிறகு நானும் சித்தியும் அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே ஸ்கேன் எடுத்த மருத்துவர், திருகின் நுனி நரம்புப் பாதைக்குள் இருப்பதைக் காட்டினார். முன்பே ஸ்கேன் எடுத்திருந்தால் நரம்புக்கு மேலே இடைவெளி விட்டுக் குட்டையான திருகைப் போட்டிருக்கலாம் என்றும், இப்போது எடுத்தாலும் உணர்ச்சி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் கூறினார். "மறுநாளும் மரத்துப்போயிருந்தா அது ஊசி வேலை இல்லம்மா. அன்னைக்கே திருகை எடுத்திருந்தா பெரும்பாலும் சரியாகியிருக்கும். ஏன் போகல?" என்று கேட்டார். "போனோம்! மறுநாள் காலையிலேயே போனோம்!" என்று நான் கத்திவிட்டேன். கத்தியது தவறான ஆளிடம். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பல் மருத்துவரிடம் கேட்க மாட்டேன்.

இதை எழுத்தர் படித்துக்காட்டக் கேட்டேன். இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. "சரியாயிடுச்சு" என்று என் அம்மா சொன்னது உண்மை. அவர் சொன்னது உண்மையில்லை. டிஷ்யூ பேப்பரை எடுத்து நீட்டியவருக்கு அது அப்போதே தெரியும்.

(ஒப்பம்)
சாட்சி