லிஃப்ட் கையேட்டுக்கு வழி போட்ட எங்கள் டிராஃபிக் மேடத்துக்கு

பணி நிறைவு காணும் எங்கள் கையேட்டு அறையின் தலைவியே! பக்கத்துக்குப் பக்கம் பாதை அமைத்தவரே! வழி தவறியவரின் பக்கம் நின்று எங்களோடு வாதாடியவரே! அறையிலும் படிக்கட்டிலும் கேன்டீன் வரிசையிலும் டிராஃபிக் மேடம் என்று அன்போடு அழைக்கப்படும் பெருமகளே! வணக்கம்.

அடைமொழிகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். இன்னும் சில எழுதி வைத்திருந்தோம். வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது, நீங்கள் கையை நீட்டி, “நில்லுங்க, இது எங்க போகுது?” என்று கேட்பதுபோல் இருந்தது. அவற்றை அடித்துவிட்டோம். அந்தக் கையும் அந்தக் கேள்வியும்தான் உங்களுக்கு இந்தப் பட்டப்பெயரை வாங்கித் தந்தன. அது உங்கள் காதுக்கு எட்டியதா என்று எங்களுக்கு நீண்ட நாள் ஐயம். இன்று தீர்ந்திருக்கும்.

விழாவுக்கு வந்திருக்கும் உங்கள் குடும்பத்தாருக்காக ஒரு விளக்கம். இந்த நிறுவனம் லிஃப்ட் செய்கிறது. அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் கைபேசியில் திறந்து பார்க்கும் கையேட்டை எங்கள் அறை செய்கிறது. ஆபீஸில் அப்படி என்னதான் பண்ணுகிறாய் என்று உங்கள் கணவர் கேட்டதற்கு, நீல எழுத்தைத் தொட்டால் பின்னால் என்ன வருகிறதென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றீர்களாம். அதற்கா சம்பளம் என்றாராம் அவர். ஐயா, அதற்குத்தான். எதற்கென்று இப்போது சொல்கிறோம்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும் எந்த இணைப்பும் கையேட்டில் ஏறுவதற்கு முன் ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அந்த நீல எழுத்தை மட்டும் வாசிப்பார். தொட்டால் எங்கே போகும் என்று கண் மூடியவர் சொல்ல வேண்டும். “மேலும் அறிய” என்று வாசித்தால் யாரால் என்ன சொல்ல முடியும்? அது விழும். “கதவுச் சென்சாரைத் துடைக்கும் முறை” என்றால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடலாம். அது ஏறும். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள், பாதிப் பேர் கண் மூடி உட்கார்ந்திருப்பதைக் கண்டு இந்த அறையில் தூங்கக் கூலி தருகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நீங்கள் கதவைச் சாத்தக்கூட இல்லை.

ஆனால் எந்த வழக்கமும் நம்மை முழுக்கக் காப்பாற்றிவிடவில்லை. தெளிவான இணைப்பு என்றால் எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்று நினைத்தோம். தொழில்நுட்பச் சொல் ஒன்று கண்ணில் பட்டால் அதற்கு இணைப்புப் போடாமல் விடுவதில்லை என்று உறுதி எடுத்தோம். அந்த உறுதியை முன்மொழிந்தவர் நீங்கள்தான் என்பதை இந்த மடல் மறைத்தால் நீங்களே எழுந்து திருத்துவீர்கள். பக்கங்கள் நீலம் பூத்தன. நாம் பூரித்தோம். மெக்கானிக்குகளோ கையேட்டை மூடிவிட்டு உதவி மையத்துக்குப் போன் போட்டார்கள்.

கையேட்டை யாரும் பார்ப்பதில்லை, எனவே அதையும் அந்த அறையையும் மூடிவிடலாம் என்று பராமரிப்புத் துறைத் தலைவர் சொன்னார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் எங்களைப் பொறுத்தருள வேண்டும். நீங்கள் ஒரே ஒரு சோதனை கேட்டீர்கள். அவரும் சளைத்தவர் அல்லர். சோதனைக் கோபுரத்து லிஃப்டில் தானே ஏறிக்கொள்வதாகவும், அதை இரு தளங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும் என்றும், உங்கள் கையேட்டை மட்டும் பார்த்து ஒரு மெக்கானிக் தன்னை வெளியே எடுக்கட்டும் என்றும் சொன்னார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தவரை நாம் எல்லோரும் அறிவோம். சந்தேகம் என்ற செல்லப்பெயர் கொண்ட மெக்கானிக் தம்பி. அவருடைய எண் திரையில் வந்தால் யார் எடுப்பது என்று உதவி மையத்தில் சீட்டுக் குலுக்குவார்கள்.

அன்று தம்பி கோபுர உச்சியில் உள்ள மெஷின் அறையில் நின்று மீட்புப் பக்கத்தைத் திறந்தார். அது பிரேக் பக்கத்தைக் காட்டியது. பிரேக் பக்கம், முதலில் பாதுகாப்புப் பக்கத்தைப் படிக்கச் சொன்னது. பாதுகாப்புப் பக்கம், ஆள் சிக்கியிருந்தால் மீட்புப் பக்கத்துக்குப் போகச் சொன்னது. தம்பி போனார். மறுபடியும் போனார். ஒவ்வொரு இணைப்பும் சொன்ன இடத்துக்கே சரியாகப் போனது. தம்பி மட்டும் எங்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் உதவி மையம்தான் போனில் வழி சொல்லித் தலைவரை இறக்கியது. வேர்த்து வழிய வெளியே வந்தவர் சொன்னார்: “உங்க கையேட்டுக்குள்ள போனவன் வெளிய வரமாட்டான் மேடம்.”

நாங்கள் சாக்குச் சொல்லக் காரணங்கள் தேடினோம். நீங்கள் தேடவில்லை. நீங்கள் ஓய்வு பெறும் வாரத்துக்குள் இன்னொரு சோதனை வைக்க அவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு வந்து, உங்கள் கையால் போட்ட இணைப்புகளை உங்கள் கையாலேயே எடுக்கத் தொடங்கினீர்கள். மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் வேண்டியது, அதற்கு எதற்கு இன்னொரு பக்கம், இங்கேயே எழுது என்றீர்கள். எங்கள் இணைப்புக்காக நாங்கள் மல்லுக்கட்டினோம். எழுத்தாளர் ஒருவர் கோபித்துக்கொண்டு சாப்பிடக்கூடப் போகவில்லை. அவருக்கு டிபன் டப்பாவை நீட்டிக்கொண்டே அவருடைய இணைப்பை அழித்தீர்கள். பிறகு, அந்தக் கோபுரத்து மாடலுக்கு மட்டும் முதலில், லிஃப்டின் திரையில் தெரியும் பிழை எண்ணைத் தட்டினால் நேரே அந்தப் பழுதுக்கு வரும்படி செய்தோம். நீங்கள் நிற்கும் இடம் இது என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதினோம். இன்னொரு பக்கம் போய்த் திரும்புகிறவர் விட்ட வரியிலேயே வந்து நிற்கும்படி செய்தோம். இது வாய்க்க நம் கணினிப் பொறியாளர் பட்ட பாட்டை அவரே ஒருநாள் சொல்லட்டும், எங்களுக்கு அது முழுதாகப் புரியவில்லை.

சென்ற வாரம் வந்தது அந்த நாள்! அதே கோபுரம், அதே தலைவர், அதே தம்பி. லிஃப்ட் நடுவில் நின்றது. கீழ்த்தளக் கதவின் முன் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மேலே தம்பி பிழை எண்ணைத் தட்டினார். ஒரு பக்கம் வந்தது. அதில் ஒரே ஒரு நீல வரி: “பிரேக்கைக் கையால் விடுவிக்கும் முறை”. போனார், படித்தார், திரும்பினார், விட்ட வரியிலேயே நின்றார். உதவி மையத்துப் போன் அடிக்கவில்லை. வடம் மெல்ல அசைந்தது. லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. கதவு திறந்தது. நாங்கள் கத்திய கத்தலில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தன!

தலைவர் பாராட்டவில்லை. சட்டையைச் சரி செய்துகொண்டு, “மத்த மாடலுக்கெல்லாம் இதை எப்ப போடுவீங்க?” என்று மட்டும் கேட்டார். அறை பிழைத்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நீங்கள் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டீர்கள். நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம்.

ஒன்று மிச்சம் இருந்தது. எல்லாப் பக்கத்தின் அடியிலும் ஐயம் கேட்க ஓர் இணைப்பு உண்டு. அது உங்கள் மேசைக்கு வரும். அதை அப்படியே விட்டுவிட எங்களுக்கு ஆசை. ஆளில்லாத இடத்துக்கு வழி காட்டக் கூடாது என்று நேற்று நீங்களே அதை மாற்றி, எங்கள் அறைக்குத் திருப்பினீர்கள். வாசலில் நின்ற தம்பி, இனிமேல் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்றார். “கையேட்டைக் கேளு. அது சொல்லலைன்னா இவங்களைத் திட்டு” என்றீர்கள். தம்பி தலையாட்டினார். இன்று காலையே திட்டத் தொடங்கிவிட்டார்.

அம்மையீர்! மற்ற மாடல்கள் அனைத்தும் இனி எங்கள் பொறுப்பு. முடியுமா என்று உள்ளூர ஒரு நடுக்கம் இருக்கிறது. அதைவிடப் பெரிய உற்சாகமும் இருக்கிறது. உடல் நலத்தோடும் குன்றாத சிரிப்போடும், கணவரும் பிள்ளைகளும் சூழ நெடுங்காலம் வாழ்க! ஊர்களைச் சுற்றுங்கள், தோன்றிய சந்தில் எல்லாம் திரும்புங்கள், எங்கே போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்றாவது எங்கள் நினைவு வந்தால் வாருங்கள். கதவு சாத்தியிருக்காது. பாதிப் பேர் கண் மூடி உட்கார்ந்திருப்போம். நீங்கள் விட்ட வரியிலேயே வந்து நிற்பீர்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
கையேட்டு அறையினர்,
உதவி மையத்தினர்,
இதில் தம் பெயரும் இருக்கிறதா என்று போன் செய்து கேட்ட மெக்கானிக் தம்பி