சும்மா டியூப் கேட்ட அமலராணி மேடத்துக்கு

அளவில் அணுவும் பிசகாத அம்மையே! பொய்யொளிக்கு மயங்காத பொறுமைக் கண்ணே! எங்கள் நோயெதிர்ப்பு ஆய்வகத்திலிருந்து இன்று ஓய்வுபெறும் மூத்த தொழில்நுட்புநரே! எங்கள் எல்லோரின் வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகள் நிலக்கோட்டைப் பேருந்தில் பூக்கூடைகளுக்கிடையே நின்றபடி பணிக்கு வந்தீர்கள். நீங்கள் நுழைந்து நெடுநேரம் ஆய்வகத்தில் மல்லிகை மணக்கும். உங்கள் கோபத்தை இரண்டு முறை கண்டோம். இரண்டும் சோதனைக் குழாயில் பெயர் எழுதாததற்காக.

இம்மடலை எழுதும் பொறுப்பை ஊழியர்கள் என்னிடம் தந்தார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். அவையோருக்காகச் சொல்கிறேன்.

பணியில் சேர்பவர் ரத்தம் கொடுப்பது இங்கே வழக்கம். வெள்ளையணுக்களைப் பிரித்து, பெயரெழுதிய குப்பிகளில் திரவ நைட்ரஜனில் உறைய வைப்போம். சோதனைகளில் ஒப்பிட உதவும். இங்கே பணியாற்றிய என் மனைவி ரீனாவும் கொடுத்தாள். தன் செல்களின் மேல் யாரும் இதுவரை காணாத ஒரு புரதம் இருப்பதாகச் சொல்லிவந்தாள். நிரூபிக்குமுன் இறந்தாள். மூன்று குப்பிகள் மிஞ்சின.

அவளைப் புதைத்துப் பதினான்கு மாதங்கள் கழித்து இரண்டு குப்பிகளை உருக்கினேன். அந்தப் புரதத்தைத் தேடி ஒட்டும், பச்சைச் சாயம் ஏற்றிய ஆன்டிபாடியைச் சேர்த்தேன். திரையில் அவள் செல்கள் பச்சையாய் ஒளிர்ந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கட்டுரை எழுதினேன். அவள் பெயர் முதலில்.

"சும்மா டியூப் எங்க அப்பு?" என்றீர்கள், கட்டுரையைப் படித்துவிட்டு.

ஐசோடைப் கட்டுப்பாட்டுக்கு நீங்கள் வைத்த பெயர் அது. அதே வகை ஆன்டிபாடி, அதே சாயம். ஆனால் செல்லில் எதையும் தேடாது. அதுவும் ஒளிர்ந்தால், நாம் கண்ட ஒளியை நம்ப முடியாது. ரீனாவின் செல்களை அதற்குச் செலவிட எனக்கு மனம் வரவில்லை. கடைசிக் குப்பி என்றேன்.

"ரெண்டாப் பிரி."

பிரித்தோம். எதையும் தேடாத ஆன்டிபாடி அவள் செல்களில் ஒட்டிக்கொண்டு, அதே பச்சையில், அதே அளவில் ஒளிர்ந்தது.

"உருக்குறப்பவே பாதி செத்துப்போச்சு. செத்த செல்லு எதக் குடுத்தாலும் புடிச்சுக்கிரும் அப்பு."

இறந்த செல்களைக் காட்டும் சாயத்தை நீங்கள் முன்பே சேர்த்திருந்தீர்கள். திரையில் அவற்றை நீக்கிப் பார்த்தோம். உயிருள்ளவை இரண்டு குழாயிலும் இருண்டே கிடந்தன.

கட்டுரையை நான் அனுப்பவில்லை. பதினோரு நாள் உங்களோடு பேசவும் இல்லை. பன்னிரண்டாம் நாள், புரதம் இல்லை என்று பதிவேட்டில் எழுதினேன். அருகில் வந்து நின்றீர்கள்.

"ரீனா பேரையும் போடு. அவ செல்லுதான."

போட்டேன். ஒரு பொய்யின் தலையில் நிற்கவிருந்த பெயரை மெய்யின் கீழ் எழுத வைத்த உங்களுக்கு என் நன்றி.

ஓய்விலும் உடல் நலமும் உள்ள அமைதியும் குறையாது நெடுங்காலம் வாழ்க! உறைகலனில் உங்கள் பெயரில் நான்கு குப்பிகள் இருக்கின்றன. நீங்கள் நலமாய் நடமாடும் காலத்திலேயே அவற்றைச் செலவழித்துவிடுவோம். ஒவ்வொன்றிலும் பாதி சும்மா டியூபுக்கு.

என்றும் அன்புடன்,
ஆய்வக ஊழியர்கள், திண்டுக்கல்
எழுத்து: பிராங்க்ளின்