லென்ஸில் பூஞ்சை

— ச்சீ! சாப்பிடற மேசைல வச்சு இந்தக் கேமராவைக் குடையாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?

— கத்தாதே. லென்ஸ்ல பூஞ்சை. கை நடுங்கினா கீறல் விழுந்துடும்.

— அது என்ன பச்சையா, சளி மாதிரி?

— பேட்டரி கசிஞ்சு உறைஞ்சிருக்கு. வினிகர் தொட்டுத் துடைச்சா போயிடும்.

— கைல என்ன, என் புருவ இடுக்கியா?

— இங்க பாரு, உள்ள ஒட்டியிருந்த ஸ்பாஞ்செல்லாம் தார் மாதிரி உருகிக் கிடக்கு. சுரண்ட வேற எதுவும் நுழையலை.

— நேத்து கரப்பான் காலை எடுத்ததும் இதாலதானா?

— கால் மட்டுமா, முட்டையும் இருந்துச்சு. பழைய சாமான் கடைல, அறுந்த செருப்புக் குவியலுக்கு அடில கிடந்தா. இப்பப் பாரு, ராணி மாதிரி இருக்கா.

— ராணியாம்! எனக்குக் குமட்டிக்கிட்டு வருது.

— உனக்கு ரசனை கிடையாது. அந்த ரூம் கதவு ஒழுங்கா சாத்தியிருக்கா? நாத்தம் இங்க வரைக்கும் வருது.

— எந்த நாத்தம்?

— தெரியாத மாதிரி கேக்காதே. அம்மாவுக்குத் துணி மாத்தினியா, இல்லையா?

— அத்தை இடுப்பு உடைஞ்சு படுத்ததுல இருந்து நீங்க ஒரு நாளாவது மாத்தியிருக்கீங்களா?

— என்னால முடியாதும்மா. வயித்தைப் புரட்டும். உனக்கே தெரியும்.

— கரப்பான் முட்டையை இடுக்கியால நோண்டினப்ப புரட்டலையோ?

— ரெண்டும் ஒண்ணா? மெஷின்ல இருக்கிற அழுக்கு வேற, மனுஷ உடம்புல வர்றது வேற.

— சரிதான். உங்களுக்குப் பீ துடைச்சுவிட்ட கைகிட்டப் போய் இதைச் சொல்லுங்க.

— ஆரம்பிச்சுட்டியா? இரு, இரு... கேட்டுச்சா? க்ளிக்! ஷட்டர் விழுந்துடுச்சு! உயிர் வந்துடுச்சுடி!

— நல்லா இருங்க.

— ஃபிலிம் போட்டாச்சு. முதல் படம் அம்மாதான். பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டணும். போய் முகம் துடைச்சு, தலை வாரி, ஜன்னல் பக்கமா சாய்ச்சு உக்கார வை.

— நீங்களே போய்ச் செய்ங்க.

— படம் எடுக்கிறவனே எப்படி... சரி விடு, உன்கிட்டக் கெஞ்ச முடியாது. ஒரு கைக்குட்டை கொடு, மூக்குல கட்டிக்கிறேன்.

— இந்தாங்க. நல்லா இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போங்க.

— ஏய்! கட்டில் காலியா கிடக்கு! மெத்தையைச் சுருட்டி வச்சிருக்கு! அம்மா எங்க?

— ஞாயித்துக்கிழமை இந்தக் கேமராவுக்கு உதிரி பாகம் தேடி மறுபடியும் கடைக்குப் போனீங்களே, அப்ப உங்க அக்கா வந்து, கார் பின்சீட்ல படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?

— சொல்லத்தான் இருந்தேன். அத்தைதான் என் கையைப் புடிச்சு, 'அவனா என்னைத் தேடிக் கேக்கற வரைக்கும் சொல்லாதே'ன்னாங்க. இன்னிக்கு வியாழக்கிழமை.